அரியலூர்ப் பாறைகள்: பெயர், வயது, மறுவகைப்பாடு (கேள்வி பதில்)

கேள்வி (முதுகலை மாணவி, சேலம்): ஒரு புத்தகத்தில் 'அரியலூர் ஸ்டேஜ்' என்று இருக்கிறது, இன்னொன்றில் 'அரியலூர் குரூப்'. கட்டுரைகளிலோ 'கல்லங்குறிச்சி ஃபார்மேஷன்'. எதை எழுதுவது?

பதில்: ஸ்டேஜை விடுங்கள். 1862-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்டு இந்தப் பகுதியைக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று குரூப்களாகப் பிரித்தார். பாறை வகை, சிப்பிகள், நடுவே படிவு நின்றுபோன இடைவெளி என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துப் போட்ட பிரிவு அது. பின்னால் வந்தவர்களில் சிலர் அதையே ஸ்டேஜ் என்று எழுதிவிட்டார்கள். ஸ்டேஜ் (படி) காலக் கணக்கில் வருவது. அதன் அடி எல்லை உலகம் முழுக்க ஒரே வயதாக இருக்க வேண்டும். குரூப், ஃபார்மேஷன், மெம்பர் மூன்றும் பாறைக் கணக்கு: குரூப் பெரியது, அதற்குள் ஃபார்மேஷன், அதற்குள் மெம்பர். அரியலூர் குரூப் இன்று சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஓட்டக்கோவில், கல்லமேடு என்ற நான்கு ஃபார்மேஷன்களாகப் பிரிக்கப்படுகிறது. உங்கள் மாதிரி சிமென்ட் ஆலைகளுக்குத் தோண்டும் சுண்ணாம்புக்கல் என்றால் 'கல்லங்குறிச்சி ஃபார்மேஷன், அரியலூர் குரூப்' என்று எழுதுங்கள். வயதைத் தனி வாக்கியத்தில் சொல்லுங்கள்: மாஸ்ட்ரிக்டியன் (கிரெட்டேசியஸின் கடைசி ஸ்டேஜ்) காலத்தின் முற்பகுதி.

கேள்வி (ஆய்வு மாணவர்): புதிதாக ஒரு ஃபார்மேஷனுக்குப் பெயர் வைக்க என்னென்ன வேண்டும்? என் பகுதியில் தனி அம்மோனைட் (சுருள் ஓடுடைய, அழிந்துபோன கடல் உயிரி) கூட்டம் கிடைத்திருக்கிறது.

பதில்: அம்மோனைட்டை வைத்து ஃபார்மேஷன் பிரிக்க முடியாது. அது பயோசோன் (புதைபடிவத்தை வைத்துப் பிரிக்கும் அடுக்கு) ஆகும், அவ்வளவுதான். கையில் எடுத்த கல்லைப் பார்த்தே மேலேயும் கீழேயும் உள்ளதிலிருந்து வேறுபடுத்த முடிய வேண்டும், வரைபடத்தில் கோடு போட்டுப் பிரிக்க வரவேண்டும். அதற்குமேல் ஒரு மாதிரி வெட்டுமுகம் தேவை: இடக்குறிப்பு, அடுக்கு அடுக்காக அளந்த பதிவு, அடி எல்லையும் மேல் எல்லையும் எந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிகின்றன என்ற விவரம். பெயர் ஊர், ஓடை போன்ற இடப்பெயராக இருக்க வேண்டும். வேறொரு பாறைக்கு ஏற்கெனவே வைத்திருக்கக் கூடாது. ஆய்வேட்டில் மட்டும் எழுதிய பெயர் செல்லாது, அங்கீகரிக்கப்பட்ட இதழில் வெளிவர வேண்டும்.

பலர் சறுக்குவது தடிமனில். இங்கே அடுக்குகள் கிழக்கு நோக்கி லேசாகத்தான் சாய்கின்றன. சமதரையில் ஸ்ட்ரைக்குக்கு, அதாவது சாய்ந்த அடுக்கு கிடைமட்டமாக ஓடும் திசைக்கு, செங்குத்தாக 100 மீட்டர் நடந்தால், சாய்வு 5 டிகிரி என்றால் தடிமன் 8.7 மீட்டர், அதையே 7 டிகிரி என்று படித்துவிட்டால் 12.2 மீட்டர். 2 டிகிரிக்கு 40 சதவீதப் பிழை! ஒரே அடுக்கில் பல இடங்களில் சாய்வைப் படித்துச் சராசரி எடுங்கள்.

சுரங்கச் சுவரை மாதிரி வெட்டுமுகமாக வைத்தால் வெட்ட வெட்ட அது நகரும், வேலை நின்றதும் தண்ணீர் நிரம்பும். ஓடைக்கரையில் துணை வெட்டுமுகம் ஒன்றையும் சேர்த்தே அறிவித்துவிடுங்கள்.

கேள்வி: வயது பார்க்க, காரை ஷேலில் (களிப்பாறையில்) ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிரிகளின் ஓடுகளை எடுக்கப் பார்த்தேன். வெறும் ஜிப்சம்தான் மிஞ்சுகிறது.

பதில்: ஹைட்ரஜன் பெராக்சைடைத் தாராளமாக ஊற்றியிருப்பீர்கள். ஷேலில் பைரைட் (இரும்பு சல்பைடு) இருந்தால் பெராக்சைடு அதை ஆக்சிஜனேற்றி அமிலமாக்கும், அந்த அமிலம் ஓடுகளைத் தின்றுவிடும். மேற்பரப்பில் காய்ந்து கிடப்பதிலும் இதே வேலை இயற்கையாக நடந்திருக்கும். ஓடைத் தரையில் கிடப்பதை எடுக்கவே வேண்டாம். அது எந்த அடுக்கிலிருந்து உருண்டு வந்ததோ தெரியாது. சரிவில் 30 செ.மீ.யாவது தோண்டி, ஜிப்சம் நரம்பு இல்லாத இடத்தில் எடுங்கள். 200 முதல் 300 கிராம் வரை பட்டாணி அளவுக்கு உடைத்து, நன்றாக உலர்த்தி, சலவை சோடா கரைத்த நீரில் ஊறவையுங்கள். கரைந்ததும் 63 மைக்ரான் சல்லடையில் கழுவுங்கள். அடுத்த மாதிரிக்குப் போகும் முன் சல்லடையை மெத்திலீன் நீலத்தில் முக்கி எடுங்கள். முந்தைய மாதிரியின் ஓடு ஏதாவது ஒட்டியிருந்தால் நீலமாகத் தெரிந்து காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? ஜிர்கான் என்ற கனிமத்தை யுரேனியம்–ஈய முறையில் அளந்தால் வயது வந்துவிடாதா?

பதில்: எரிமலைச் சாம்பல் அடுக்கு கிடைத்தால் வரும். மணற்கல்லில் உள்ள ஜிர்கான் மேற்கே உள்ள நைஸ், சார்னகைட் என்ற பழம்பாறைகளிலிருந்து அடித்து வரப்பட்டது, 250 கோடி ஆண்டு என்றுகூடக் காட்டும். அது மணலின் பிறப்பிடத்து வயது. இருப்பதிலேயே இளைய ஜிர்கானை வைத்து 'படிவு இதைவிடப் பழையது அல்ல' என்று மட்டும் சொல்லலாம்.

கல்லங்குறிச்சி போன்ற சிப்பிச் சுண்ணாம்புக்கல்லுக்கு ஸ்ட்ரான்சியம் ஐசோடோப் நல்ல வழி. மாஸ்ட்ரிக்டியனில் கடல்நீரின் ஸ்ட்ரான்சியம் 87/86 விகிதம் சீராக ஏறிக்கொண்டே போவதால் வயதைப் பொருத்த முடிகிறது. கிரைஃபியா என்ற சிப்பி ஓட்டின் உட்பகுதியிலிருந்து மட்டும் துளைத்துத் தூள் எடுங்கள்; மாங்கனீஸ் கூடுதலாக இருந்தால் ஓடு பின்னாளில் மாறிப்போயிருக்கிறது, தூக்கிப் போடுங்கள்.

கேள்வி (கல்லக்குடி): டால்மியாபுரம் என்ற பெயரை நீக்கி எங்கள் ஊர்ப் பெயரை வைக்கச் சொல்லி 1953-இல் ரயில் மறியலே நடந்தது. பாறை மட்டும் ஏன் இன்னும் 'டால்மியாபுரம் ஃபார்மேஷன்'?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் ஊர்ப் பெயர் மாறினாலும் பாறையின் பெயரை மாற்றக் கூடாது என்பது சர்வதேசப் பாறையடுக்கியல் வழிகாட்டியின் விதி. மாற்றினால் பழைய கட்டுரைகளில் தேடவே முடியாது. 'டிரிச்சினாபொலி குரூப்' ஆங்கிலத்தில் அப்படியே நிற்பதும் இதனால்தான்.

கேள்வி: நின்னியூர் சுண்ணாம்புக்கல் கிரெட்டேசியஸா, பேலியோசீனா? இரண்டும் படித்திருக்கிறேன்.

பதில்: பேலியோசீன், அதாவது கிரெட்டேசியஸுக்கு அடுத்த காலம். இதில் இரண்டு மாற்றங்கள் பின்னிக் கிடக்கின்றன. முதலில் அரியலூர் குரூப்புக்குள் இருந்ததை, மேலே தனியாகப் பிரித்தார்கள். அதன் உயிரினங்கள், குறிப்பாக ஹெர்கோகுளோசா டேனிகா என்ற நாட்டிலாய்டு (அறைகள் கொண்ட ஓடுடைய கடல் உயிரி), டேனியன் காலத்தைக் காட்டின. ஆனால் டென்மார்க்கை வைத்து 1847-இல் பெயரிடப்பட்ட டேனியனை வெகுகாலம் கிரெட்டேசியஸின் கடைசிப் படியாகவே வைத்திருந்தார்கள். பிறகு அது பேலியோசீனின் முதல் படியானது. அதன் அடி எல்லை 1991-இல் துனிசியாவின் எல் கெஃப்பில் உறுதியானது, வயது 6.6 கோடி ஆண்டு. நின்னியூரில் ஒரு கல்லும் நகரவில்லை. ஆகவே பழைய கட்டுரையில் 'டேனியன்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள், 'கிரெட்டேசியஸ்' என்பதை விட்டுவிடுங்கள்.

கீழே உள்ள கல்லமேடு மணற்கல்லில் டைனோசர் எலும்பு உண்டு, காலம் காட்டும் கடல் உயிரினம் கிடையாது. கீழே ஓட்டக்கோவில், மேலே நின்னியூர் என்று இரண்டுக்கும் நடுவில் சிக்கியிருப்பதால்தான் அது மாஸ்ட்ரிக்டியனின் பிற்பகுதி என்கிறோம்.

கேள்வி: புதுச்சேரிப் பக்கமும் இதே வயதுப் பாறைகள் இருக்கின்றனவே, அவற்றையும் அரியலூர் குரூப் என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். வயது ஒன்று என்பதால் ஃபார்மேஷன் ஒன்றாகிவிடாது. இரண்டுக்கும் நடுவே பாறை தொடர்ந்து வெளியே தெரியவில்லை, பாறை வகையும் வேறு. அங்கே வழுதாவூர், மேட்டுவெளி என்று தனிப் பெயர்கள் உண்டு. ஒப்பிடுவதென்றால் வயதுப் பத்தியில் ஒப்பிடுங்கள். வரைபடக் குறிப்பில் பெயர்கள் தனித்தனியாகவே இருக்கட்டும்.