நியூயார்க் நகரசபை: ஜூன் பிரைமரியும் தொகுதிக் கோடும் (கேள்வி பதில்)

நியூயார்க் நகரசபைக்கு உறுப்பினர் எப்படித் தேர்வாகிறார், அதில் நம் ஓட்டு எங்கே எடுபடுகிறது, எங்கே வீணாகிறது என்று கேட்கலாம் எனச் சொல்லியிருந்தேன். நான் குவீன்ஸில் வாக்குச்சாவடிப் பணி பார்ப்பவள். வேட்பாளர்களுக்காகத் தெருத்தெருவாகப் போய்க் கையெழுத்தும் வாங்குகிறேன். வழக்கறிஞர் அல்ல. தொடங்கும் முன் ஒன்று: அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் வாக்காளராகப் பதியவே கூடாது. கிரீன் கார்டு வைத்திருப்பவரும்தான். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளஷிங் வாசகர்: அக்கா, நவம்பர்ல ஓட்டுப் போட்டாப் போதாதா? ஜூன்ல எதுக்குத் தனியா ஒரு தேர்தல்?

போதாது. எல்லாக் கேள்விக்கும் இதுதான் அடிப்படை, அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

நகரசபையில் 51 இடங்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் டெமாக்ரட் கட்சி நிறுத்தும் ஆள்தான் நவம்பரில் ஜெயிப்பார். அந்த ஆள் யார் என்பதை ஜூன் பிரைமரி, அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தப்படும் முதல்கட்டத் தேர்தல், தீர்மானிக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் பிரைமரி மூடியது: டெமாக்ரட்டாகப் பதிந்தவர்தான் டெமாக்ரட் பிரைமரியில் போடலாம், ரிபப்ளிகனாகப் பதிந்தவர்தான் ரிபப்ளிகன் பிரைமரியில். இந்த நகரத்தில் எந்தக் கட்சியிலும் பதியாத வாக்காளர்கள் 10 லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். இரண்டு பிரைமரியிலும் அவர்களுக்கு இடமில்லை.

ஜூனில் வருகிற கூட்டமும் சிறியது. 2021 மேயர் பிரைமரியில் எரிக் ஆடம்ஸ், கேத்ரின் கார்சியாவை முந்தியது 7,197 ஓட்டில். 2020 கணக்கெடுப்பின்படி 88 லட்சம் பேர் வாழும் ஊரின் மேயரை அந்த வித்தியாசம் முடிவு செய்தது. நகரசபைத் தொகுதி என்றால் இன்னும் சுருங்கும். சில ஆயிரம் ஓட்டு வாங்கினாலே பிரைமரியில் ஜெயித்துவிடலாம். ஒரு கோயில் திருவிழாவுக்கு வருகிற கூட்டம் அளவுக்குத்தான் இருக்கும். அந்தச் சில ஆயிரத்தில் நம்மவர் எத்தனை பேர் என்று உறுப்பினரின் அலுவலகம் கணக்குப் பார்க்கும். நவம்பரில் போட்டீர்களா என்று யாரும் பார்ப்பதில்லை.

எல்ம்ஹர்ஸ்ட் வாசகர்: நான் எந்தக் கட்சியும் வேண்டாம்னு பதிஞ்சிருக்கேன். இப்ப மாத்தலாமா?

எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் அந்த ஆண்டு ஜூன் பிரைமரியில் போட வேண்டுமானால் பிப்ரவரி 14-க்குள் படிவம் தேர்தல் வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தாமதித்தால் பிரைமரி முடிந்த பிறகுதான் மாற்றம் நடைமுறைக்கு வரும். முதல்முறையாகப் பதிபவருக்கு மட்டும் பிரைமரிக்குப் பத்து நாள் முன்புவரை அவகாசம் உண்டு.

முன்பு இது இன்னும் கடுமை. முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே மாற்றியிருக்க வேண்டும். 2016-இல் டிரம்ப்பின் பிள்ளைகள் இவான்காவும் எரிக்கும் அந்தக் கெடுவைத் தவறவிட்டு, சொந்த அப்பாவுக்கே நியூயார்க் பிரைமரியில் ஓட்டுப் போட முடியாமல் போனது.

இன்னொரு எச்சரிக்கை. ‘எந்தக் கட்சியும் இல்லை’ என்று பதிவதாக நினைத்து ‘இண்டிபெண்டன்ஸ் பார்ட்டி’ என்ற கட்சியில் பதிந்தவர்கள் இங்கே ஏராளம். 2020 தேர்தலோடு அந்தக் கட்சி அங்கீகாரத்தை இழந்துவிட்டது. பல வருடம் முன்பு பதிந்தவர்கள் தங்கள் பதிவை ஒருமுறை வாரியத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

ரிச்மண்ட் ஹில் வாசகி: எங்க ஏரியாவுல பஞ்சாபி, கயானா, டிரினிடாட் ஆட்கள் இவ்வளவு பேர் இருக்கோம். ஏன் எங்களால ஒருத்தரை ஜெயிக்க வைக்க முடியல?

கோடுதான் காரணம். முழுக்கக் கோடு மட்டுமல்ல, ஆனால் முதலில் அதுதான்.

உங்கள் பகுதி நம் தமிழர்களுக்கும் அந்நியமில்லை. அங்கே காளிக்கும் மாரியம்மனுக்கும் பூசை செய்கிற கயானா மக்கள் பலருடைய முன்னோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். அவ்வளவு நெருங்கி வாழ்கிற மக்களை, ரிச்மண்ட் ஹில்லும் சவுத் ஓசோன் பார்க்கும் சேர்ந்த ஒரே கடைவீதிச் சமூகத்தை, வரைபடம் பல ஆண்டுகளாகப் பல தொகுதிகளாகக் கூறுபோட்டு வைத்திருந்தது. ஒவ்வொரு தொகுதியிலும் நீங்கள் ஓர் ஓரம். எந்த வேட்பாளரும் உங்களை நம்பி நிற்க வேண்டியதில்லை.

2021-இல் 32-ஆம் தொகுதியில் ஃபெலிசியா சிங் டெமாக்ரட் பிரைமரியில் ஜெயித்தார். நவம்பரில் ரிபப்ளிகன் ஜோஆன் அரியோலாவிடம் தோற்றார். நவம்பரிலும் உண்மையான போட்டி நடக்கிற அரிய தொகுதிகளில் அது ஒன்று. உங்கள் தெருவோடு ஹோவர்ட் பீச்சையும் ராக்கவே கடற்கரைப் பக்கத்தையும் சேர்த்துக் கட்டிய தொகுதி அது. வேட்பாளர் சரியில்லை என்று சொல்வதற்கு முன் வரைபடத்தை விரித்துப் பாருங்கள்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2020 கணக்கெடுப்பில் நகரத்தின் ஆசிய மக்கள்தொகை மூன்று லட்சத்துக்கும் மேல் கூடியிருந்தது. 2022-இல் புதுக் கோடு வரைந்தபோது தெற்கு புரூக்ளினில் 43-ஆம் தொகுதியை ஆசியர் பெரும்பான்மையாக அமைத்தார்கள். 2023-இல் அங்கே சூசன் ஜுவாங் வந்தார். அது சும்மா நடக்கவில்லை. அந்த மக்கள் பொதுக்கூட்டங்களுக்கு வரைபடத்தோடு போய், எங்கள் பள்ளிக்கூடம் இது, எங்கள் மார்க்கெட் இது, இதைப் பிரிக்காதீர்கள் என்று பேசினார்கள். அதே கூட்டங்களில் சன்செட் பார்க்கின் லத்தீனோ மக்கள் தங்கள் தொகுதி உடைந்துவிடுமோ என்று அஞ்சிப் பேசினார்கள். ஒரு கோட்டை நகர்த்தினால் பக்கத்துக் கோடும் நகரும். யாருக்கும் வலிக்காத வரைபடம் கிடையாது.

அதே வாசகி: அந்தக் கோட்டை யார் போடறாங்க?

15 பேர் கொண்ட தொகுதி வரையறை ஆணையம். மேயர் 7 பேரையும், சபையின் பெரும்பான்மைக் கட்சி 5 பேரையும், சிறுபான்மைக் கட்சி 3 பேரையும் நியமிக்கிறார்கள். 2022 செப்டம்பரில் அந்த ஆணையமே தன் வரைவைத் தோற்கடித்துவிட்டு மறுபடி வரைந்தது. ஒரு தொகுதிக்குச் சராசரி 1,72,600 பேர். மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் இடையே வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அடுத்த வரைவு 2030 கணக்கெடுப்புக்குப் பிறகு. கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பாத வீடு அந்தக் கணக்கில் விடுபடும் அபாயம் உண்டு. 2020 படிவத்தில் குடியுரிமை கேள்வியே இல்லை. எச்-1பி குடும்பமும் நிரப்பலாம், நிரப்பவும் வேண்டும்.

கிரீன் கார்டு வாசகர்: குடியுரிமை இல்லாதவங்களும் நகரத் தேர்தல்ல போடலாம்னு சட்டம் வந்துச்சே?

வந்தது. நீதிமன்றத்தில் நின்றுபோனது. 2025 மார்ச்சில் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 6-க்கு 1 என்று ரத்து செய்துவிட்டது. அந்தப் பழைய செய்தியை இன்னும் வாட்சாப்பில் சுற்றவிடுகிறார்கள். நம்பிப் பதியாதீர்கள். லைசென்ஸ் அலுவலகத்தில் வாக்காளர் பெட்டியை டிக் செய்யச் சொன்னாலும் செய்யாதீர்கள். குடியுரிமை விண்ணப்பத்தில் அது பெரிய சிக்கலாகும், நாடு கடத்தும் அளவுக்குப் போகலாம்.

புரூக்ளின் வாசகர்: நீங்க மூடிய பிரைமரியைக் குற்றம் மாதிரி பேசறீங்க. கட்சியில சேராதவன் கட்சி வேட்பாளரை ஏன் தேர்ந்தெடுக்கணும்? ஊர்ல தலைமை சீட் கொடுக்கும். இங்க கட்சிக்காரங்க ஓட்டுப் போட்டு எடுக்கறாங்க. இதுவே பெரிய ஜனநாயகம்.

உங்கள் வாதத்தில் வலு இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2000-இல் கலிஃபோர்னியா வழக்கில் ஏறக்குறைய அதையே சொன்னது: தன் வேட்பாளரை வெளியாட்கள் தேர்ந்தெடுக்கும்படி ஒரு கட்சியைக் கட்டாயப்படுத்த முடியாது. கட்சியில் சேர இங்கே கட்டணமும் இல்லை, யாருடைய சிபாரிசும் வேண்டாம், படிவத்தில் ஒரு பெட்டி. அதனால்தான் முதலில் பதியுங்கள் என்கிறேன்.

ஆனால் அந்தப் பிரைமரியை நடத்துவது அரசாங்கத் தேர்தல் வாரியம், செலவு எல்லோருடைய வரிப்பணம். நவம்பரில் போட்டியே இல்லாத தொகுதியில் பிரைமரிதான் தேர்தல். அங்கே கதவை மூடினால் கட்சியின் கதவோடு சேர்த்து நகரசபையின் கதவும் மூடுகிறது. என் வருத்தம் அதில்தான்.

புரூக்ளின் வாசகர்: 2025-ல மம்தானி மேயர் பிரைமரியில ஜெயிச்சாரு, நவம்பர்லயும் ஜெயிச்சாரு. திறந்திருந்தா என்ன மாறியிருக்கும்?

நல்ல கேள்வி. நவம்பரில் 20 லட்சம் பேருக்கு மேல் போட்டார்கள். 1969-க்குப் பிறகு அவ்வளவு பேர் வந்ததில்லை. பிரைமரியில் தோற்ற முன்னாள் மாநில ஆளுநர் கோமோ சுயேச்சையாக மறுபடி நின்றும் மம்தானி பாதிக்கு மேல் வாங்கினார். ஆக, மூடிய பிரைமரி எப்போதும் ஊருக்கு எதிரான ஆளைத்தான் தரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மேயர் போட்டியை எல்லோரும் கவனிக்கிறார்கள். நகரசபைத் தொகுதியில் அப்படி இரண்டாவது சுற்று நடப்பதே அபூர்வம்.

மன்ஹாட்டன் வாசகி: அப்போ திறந்துடலாமே? யார் தடுக்கறாங்க?

வாக்காளர்களே ஒருமுறை தடுத்தார்கள். 2003-இல் அப்போதைய மேயர் புளூம்பெர்க் கட்சி சாராத தேர்தலைப் பொதுவாக்கெடுப்புக்கு விட்டார். சுமார் 70 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2025-இல் நகரத்தின் சாசனத் திருத்த ஆணையம் திறந்த பிரைமரியை ஆராய்ந்துவிட்டு வாக்குச்சீட்டில் வைக்காமல் விட்டது.

புரூக்ளின் வாசகருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். திறப்பதை நான் ஆதரிக்கிறேன், ஆனால் அது முதல் வேலை அல்ல. சிகாகோவில் நகரசபைத் தேர்தல் கட்சி சாராதது, 50 வார்டு. அங்கேயும் வார்டுக் கோட்டுக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். ஒரு தொகுதிக்கு ஒரே ஆள் என்று வைத்துவிட்டால், கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்த மக்களுக்குத் திறந்த கதவும் பயன்படாது.

இந்த நகரமே வேறு வழியைப் பார்த்திருக்கிறது. 1937 முதல் 1945 வரை ஐந்து தேர்தல்கள் விகிதாசார முறையில் நடந்தன. தொகுதி இல்லை, பரோ (குவீன்ஸ், புரூக்ளின் போன்ற நகரத்தின் பெரும் பிரிவு) முழுக்க ஒரே களம், விருப்ப வரிசைப்படி ஓட்டு. அந்த முறையில்தான் 1941-இல் ஆடம் கிளேட்டன் பவல் நகரசபையின் முதல் கறுப்பின உறுப்பினராக வந்தார். கம்யூனிஸ்டுகளும் வந்தார்கள், ரிபப்ளிகன்களும் கௌரவமான எண்ணிக்கையில் இருந்தார்கள். கம்யூனிஸ்ட் பூச்சாண்டி காட்டி 1947-இல் அதை ஒழித்தார்கள். 1949-இல் டெமாக்ரட்டுகள் பாதியைச் சற்றே தாண்டிய ஓட்டில் 25-க்கு 24 இடத்தை அள்ளினார்கள். மக்கள் அதே மக்கள்தான். மாறியது ஓட்டை இடமாக மாற்றும் விதி. இதைப் பேசாமல் பிரைமரியை மட்டும் பேசினால் பாதிப் பிரச்சினையைத்தான் பேசுகிறோம்.

புரூக்ளின் வாசகர்: பரோ முழுக்க ஒரே களம்னா பெரும்பான்மைதானே எல்லாத்தையும் அள்ளும்?

விகிதாசாரம் இல்லாமல் அப்படிச் செய்தால் அள்ளும். பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. லாங் ஐலண்டின் ஹெம்ப்ஸ்டெட் டவுனில் நிர்வாகக் குழு முழுவதையும் டவுன் முழுக்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். வெள்ளைப் பெரும்பான்மையும் ரிபப்ளிகன் கட்சியும் சேர்ந்தே எல்லாவற்றையும் தீர்மானித்தன. டோரதி கூஸ்பி வாக்குரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு ஜெயித்து, 1999-இல் புதுத் தொகுதி ஒன்றிலிருந்து தானே அந்தக் குழுவுக்குப் போனார். அங்கே கோடு இல்லாததுதான் அநீதி. நான் சொன்ன 1937 முறையில் ஐந்தில் ஒரு பங்கு ஓட்டு இருந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இடம் வரும். இரண்டும் வேறு வேறு, குழப்ப வேண்டாம்.

எடிசன் வாசகர்: நியூஜெர்சிக்கும் இதேதானா?

இல்லை. அங்கே கட்சி சேராதவர் பிரைமரி அன்றே சாவடியில் கட்சியைச் சொல்லிவிட்டுப் போடலாம். மற்றதை உங்கள் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் கேளுங்கள்.

வாசகர்: கட்சி சேராதவன் இப்ப மாத்தலாமா?

மேலே இருக்கிறது. பிப்ரவரி 14.

அஸ்டோரியா வாசகர்: வேட்பாளர் மனுவுல கையெழுத்துக் கேட்டாங்க. போட்டேன். அப்புறம் செல்லாதுன்னுட்டாங்க.

நகரசபைக்கு ஒரு கட்சியின் பிரைமரியில் நிற்க 450 கையெழுத்து வேண்டும். போடுகிறவர் அந்தக் கட்சியிலும் அந்தத் தொகுதியிலும் பதிந்திருக்க வேண்டும். நீங்கள் கட்சி சேராதவர் என்றால் செல்லாது. இங்கேயும் அதே கதவு, ஜூனுக்கும் முன்னாலேயே மூடுகிறது.

வாசகர்: எச்-1பி-ல இருக்கேன். வேட்பாளருக்குப் பணம் தரலாமா?

கூடாது. கிரீன் கார்டு இருந்தால் தரலாம்.

வாசகி: அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, குடியுரிமை இருக்கு. தமிழ்ல சீட்டு உண்டா?

இல்லை. ஆனால் நீங்களே கூட உள்ளே போய் உதவலாம், கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது. அவருடைய முதலாளியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ மட்டும் உதவக்கூடாது. நகரப் பதவிகளுக்கான பிரைமரியில் ஐந்து பேர் வரை விருப்ப வரிசைப்படி வரிசைப்படுத்தலாம் என்பதை வீட்டிலேயே சொல்லிப் பழக்கிக் கூட்டிப் போங்கள்.

வாசகர்: நவம்பர்ல மட்டும் போட்டாப் போதும்தானே அக்கா?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஜாக்சன் ஹைட்ஸ் வாசகர்: பிப்ரவரி தாண்டிட்டேன். கட்சியும் இல்லை. இந்த வருஷம் எனக்கு ஒண்ணுமே இல்லையா?

ஒன்று இருக்கலாம். நகரசபை உறுப்பினர் நடுவில் விலகினாலோ இறந்தாலோ நடக்கும் சிறப்புத் தேர்தல் கட்சி சாராதது. அதற்குப் பிரைமரி கிடையாது. தொகுதியில் பதிந்த எல்லா வாக்காளரும் போடலாம், அதிலும் ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தலாம். வருகிற கூட்டமும் மிகக் குறைவு, ஆகவே உங்கள் தெருவின் ஓட்டுக்கு அன்று எடை அதிகம். உங்கள் தொகுதி எண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டு, இடம் காலியானால் தேதியைக் கவனியுங்கள். கட்சி மாற்றும் படிவத்தையும் இன்றே அனுப்பிவிடுங்கள். பிரைமரி முடிந்ததும் தானாக நடைமுறைக்கு வரும், அடுத்த ஆண்டு மறுபடி நிரப்ப வேண்டியதில்லை.