ஹாம் ரேடியோல பேண்ட் (அலைவரிசைத் தொகுதி) மாத்துனா ஆன்டெனா தானா மாறணும், எப்படிங்க செய்யறது?

40 மீட்டர் பேண்டுக்கு டைபோல் (கம்பி ஆன்டெனா), 20 மீட்டருக்கு யாகி (ஒரு திசைக்கு அனுப்புற ஆன்டெனா), ரெண்டையும் கையில மாத்தி சலிச்சுப்போச்சுன்னு கேட்டிருக்கீங்க. மொதல்ல உங்க யேசு (Yaesu) கம்பெனி ரிக்குல, அதாவது ரேடியோ செட்டுல, பேண்ட் டேட்டா (எந்த பேண்டுல இருக்குன்னு சொல்ற சிக்னல்) வெளிய வருதான்னு மேனுவல்ல பாருங்க, நிறைய மாடல்ல நாலு லைன்ல பிசிடி கோடா (0, 1 எண்களா) வரும், 40னா 0011, 20னா 0101, அதை ஆர்டுயினோ (சின்ன கன்ட்ரோலர் போர்டு) படிச்சு யூஎல்என்2003ங்கற ஐசி வழியா ஆன்டெனாவை மாத்துற 12 வோல்ட் ரிலேவை இழுத்துவிடும், அவ்வளவுதானுங்க சர்க்யூட்டு. ஐசியோட காம் பின்னை 12 வோல்ட்டுல குடுத்துருங்க, ரிலே ஆஃப் ஆகும்போது ஐசியைக் காப்பாத்த உள்ள இருக்குற டயோடு அப்பத்தான் வேலை செய்யும்.

உசுரு போற விசயம் வேறங்க. டிரான்ஸ்மிட் போயிட்டிருக்கும்போது ரிலே மாறவே கூடாது. 100 வாட்டுக்கு 50 ஓம்ல 70 வோல்ட்டு இருக்கும், அதோட காண்டாக்ட் பிரிஞ்சா தீப்பொறி அடிச்சு கருகிரும், ரிக்குல பவரை வெளிய அனுப்புற ஃபைனல் டிரான்சிஸ்டரும் போயிரும். அதனால பிடிடி (பேச அமுக்குற பட்டன்) லைனையும் ஆர்டுயினோவுக்கு குடுங்க, பிடிடி அமுக்குனா மாத்தாதேன்னு ஆர்டுயினோ புரோகிராம்ல கட்டாயம் எழுதுங்க.

கரண்ட் இல்லாதப்ப எல்லா ஆன்டெனாவும் எர்த்துல நிக்கற மாதிரி ரிலேவை வயரிங் பண்ணுங்க. ஆனா அதை நம்பி இருந்துராதீங்க, பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புல 66 அடி டைபோல் கம்பி கட்டியிருந்தா சித்திரை மாச இடிக்கு முன்னாடியே ஆன்டெனா கேபிளைக் கழட்டி வெளிய போட்டுருங்க.