பாதியில் நின்றுபோன பீப்பாய்: சிலிண்டர் வேண்டுமா, குப்பி போதுமா?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். வீட்டில் முதல்முறையாக 40 பைண்ட் (சுமார் 23 லிட்டர்) பிட்டர் என்னும் கசப்புச் சுவை பீர் தயாரித்து, பிளாஸ்டிக் பீப்பாயில் ஊற்றி வைத்தேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது நுரையோடு அருமையாக வந்தது. பதினைந்து பைண்ட் போனதும் சொட்ட ஆரம்பித்துவிட்டது. இப்போது குழாயைத் திறந்தால் 'களக் களக்' என்று காற்று உள்ளே போகிறது. கடைக்காரர் பெரிய கேஸ் சிலிண்டரும் ரெகுலேட்டரும் வாங்கச் சொல்கிறார். நண்பர் ஒருவர், கிரீம் அடிக்கப் பயன்படும் குப்பியே போதும் என்கிறார். கேஸ் ஏற்றினால் பீப்பாய் வெடிக்கும் என்று மனைவி பயப்படுகிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் குழாயை மூடுங்கள். 'களக்' என்று ஒவ்வொரு முறை கேட்கும்போதும் உங்கள் பீருக்குள் ஆக்சிஜன் போகிறது. பீரை மழுங்கடிப்பதும் கடைசியில் வினிகராக்குவதும் அதுதான். வேறு எந்த முடிவையும் நாளைக்கு எடுக்கலாம், குழாயை மட்டும் இப்போதே மூடிவிடுங்கள்.

சிலிண்டர் உங்களுக்குத் தேவையில்லை. 8 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பிகள் நான்கு இருந்தால் போதும், அதிகம் போனால் ஐந்து. கடையில் பல்ப் என்று கேட்டால் கொடுப்பார்கள். வீட்டில் சோடா தயாரிக்கும் சைஃபனுக்குப் போடும் அதே விரல் நீளக் குப்பிதான்.

உங்கள் பீப்பாயில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஊற்றும்போது நீங்கள் சேர்த்த எண்பது, நூறு கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்று கேஸாக்கியது. முதல் பைண்டுகளைத் தள்ளியது அந்தக் கேஸ்தான். பீர் இறங்க இறங்க மேலே காலியிடம் பெருகுகிறது, அழுத்தம் குறைகிறது. ஓரிடத்தில் வெளிக்காற்றும் உள்காற்றும் சமமாகிவிட, பீர் நின்றுவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு பைண்டில் இது வருவது வழக்கம். உங்களுக்குப் பதினைந்து வரை வந்திருக்கிறது என்றால் பீப்பாய் பெரும்பாலும் ஒழுகவில்லை.

பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். கேஸ் போதவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கேஸில் பிரச்சினையே இல்லை, மூடியில்தான் பிரச்சினை. மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை வெளிச்சத்தில் பாருங்கள். என் பீப்பாய் ஒன்று மூன்று மாதம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஏற்றிய கேஸ் ஒரே இரவில் காணாமல் போய்விடும். கடைசியில் பார்த்தால், வாஷரில் கடுகளவு ஹாப் (பீருக்குக் கசப்பு தரும் பூ) துணுக்கு ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் கீறி எடுத்தேன், அன்றோடு ஒழுகல் நின்றது. வாஷரைக் கழுவித் துடைத்து, உணவுத்தர சிலிக்கோன் கிரீஸை விரல்நுனியில் தொட்டு மெல்லியதாகப் பூசுங்கள். வாஸ்லின் பூசுவது பழைய பழக்கம், ஆனால் நாளடைவில் அது ரப்பரை ஊதிப் போகச் செய்யும். மூடியைக் கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் வாஷர் பிதுங்கி, அந்த இடத்திலேயே ஒழுகும்.

கேஸ் ஏற்றிய பிறகு, பாத்திரம் கழுவும் திரவத்தை நீரில் கரைத்து மூடியைச் சுற்றியும் வால்வைச் சுற்றியும் தடவிப் பாருங்கள். குமிழி வராவிட்டால் நிம்மதி.

இனி வெடிக்குமா என்ற கேள்வி. உங்கள் மனைவியின் பயத்தை நான் மதிக்கிறேன், கேஸை அலட்சியமாக எடுத்துக்கொள்கிறவர்களைவிட அவர் கவனமானவர். இந்தப் பீப்பாய்கள் தாங்குவது சுமார் 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரைக்கும்தான். அதைத் தாண்டினால், மூடியில் உள்ள பித்தளை வால்வின் ஓட்டையை மூடியிருக்கும் ரப்பர் பட்டை விலகி, மிகுதிக் கேஸ் 'ஸ்ஸ்' என்று வெளியேறிவிடும். அந்தப் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். வெடிப்பு விட்டிருந்தாலோ விறைத்திருந்தாலோ மாற்றுங்கள். சில காசு விலைதான், ஆனால் உங்கள் பாதுகாப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. 8 கிராம் குப்பியில் இருப்பது அறை வெப்பத்தில் நாலேகால் லிட்டருக்குச் சற்று அதிகமான கேஸ். உங்கள் பீப்பாயில் இப்போது பத்து லிட்டர் அளவுக்குக் காலியிடம் இருக்கும். ஒரு குப்பி போட்டால் அழுத்தம் 6 பிஎஸ்ஐ ஏறும். அடுத்த ஐந்தாறு பைண்டுக்கு அது தாங்கும். இதே குப்பியைப் பீப்பாய் நிறைந்திருந்த முதல் நாளில் போட்டிருந்தால்? காலியிடம் இரண்டு லிட்டர்தான், அழுத்தம் 25 பிஎஸ்ஐக்கு மேல் போகப் பார்த்திருக்கும். ரப்பர் பட்டை காப்பாற்றியிருக்கும், குப்பி வீணாகியிருக்கும். அதனால் பீர் சோம்பி வரத் தொடங்கும் வரை குப்பியைத் தொடாதீர்கள். காற்றை உள்ளே இழுக்கும் வரையும் காத்திருக்காதீர்கள். ஓட்டம் நூல்போல் மெலிந்ததும் போடுவதே சரியான நேரம்.

வாங்கப் போகும்முன் உங்கள் மூடியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வகை வால்வு உண்டு. ஒன்றில் குப்பியைக் குத்தும் கூர்மையான ஊசி இருக்கும். இன்னொன்று எஸ்30 என்பது, அதற்கென்றே வரும் சிலிண்டரைத் திருகுவதற்கானது. ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் நேராகப் பொருந்தாது. இதைச் சொல்லாமலேயே விற்கிறார்கள், நீங்கள் திரும்ப வந்து இன்னொரு மூடி வாங்குவீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஊசி வால்வில் குப்பியைத் திருகும்போது பாதியில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் இறுக்குங்கள், தயங்கினால் பாதிக் கேஸ் வெளியே போய்விடும். குப்பி பனிபோலக் குளிர்ந்துவிடும், துணியால் பிடியுங்கள்.

இப்போது சிலிண்டர் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் ஏமாறுகிறவர்கள் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் இணைய விளம்பரங்களிலும் 'பப் சிலிண்டர், பாதி நிறைந்தது' என்று விற்பார்கள். தொடவே தொடாதீர்கள். பப்களுக்குப் போகும் சிலிண்டர்கள் பெரும்பாலும் கேஸ் நிறுவனத்தின் சொத்து, வாடகைக்குத்தான் கொடுக்கப்பட்டவை. விற்கிறவருக்கு அதை விற்க உரிமையே கிடையாது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒன்று வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறு வாரம் நன்றாக ஓடியது. தீர்ந்ததும் நிரப்பப் போனால், மூன்று இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தோளில் பொறித்திருந்த சோதனைத் தேதி காலாவதியாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து முத்திரை இட வேண்டும், இல்லாவிட்டால் யாரும் நிரப்ப மாட்டார்கள், நிரப்பவும் கூடாது.

'பாதி நிறைந்தது' என்பதும் நம்பத் தகுந்த பேச்சல்ல. சிலிண்டருக்குள் கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கிறது. 20 டிகிரியில் அழுத்தம் சுமார் 57 பார், அதாவது 800 பிஎஸ்ஐக்கு மேல். கடைசித் துளித் திரவம் ஆவியாகும் வரை அழுத்தம் காட்டும் கேஜின் முள் அதே இடத்தில்தான் நிற்கும். கேஜைக் காட்டி 'நிறைய இருக்கிறது பாருங்கள்' என்பார் விற்பவர். எடை போட்டுப் பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது.

57 பார் என்பது உங்கள் பீப்பாய் தாங்குவதைப்போல் எண்பது மடங்கு. ரெகுலேட்டர் இல்லாமல், வெறும் அடாப்டரும் குழாயும் மட்டும் மலிவாக விற்கிறார்கள். 'மெதுவாகத் திறந்தால் ஒன்றும் ஆகாது' என்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள். உங்கள் மனைவி பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

நேர்வழியில் வாங்கலாம் என்று போனாலும் சுகமில்லை. ஓரிடத்தில் ஆண்டு வாடகை, ஓரிடத்தில் திருப்பித் தராத முன்பணம், இன்னோரிடத்தில் வணிகக் கணக்கு இல்லாமல் பேசவே மாட்டார்கள். 40 பைண்ட் குடிக்க ஆசைப்பட்ட மனிதர், தொழிற்சாலை நடத்துபவர்போல் படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது. 1963 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங், வீட்டில் பீர் தயாரிப்பதற்கு உரிமம் வேண்டாம் என்று அறிவித்தார். விற்காத வரை இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். பீருக்கு அவ்வளவு எளிதாகக் கிடைத்த சுதந்திரம் அதைத் தள்ளும் கேஸுக்கு ஏன் இன்னும் வரவில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

மாதம் ஒரு பீப்பாய் என்று தொடரப் போகிறீர்கள் என்றால் அப்போது சோடாஸ்ட்ரீம் (வீட்டுச் சோடா இயந்திரம்) வகைச் சிலிண்டரை நல்ல ரெகுலேட்டரோடு யோசியுங்கள். நானூறு சொச்சம் கிராம் கேஸ் பத்துப் பீப்பாய்க்கு வரும். ஆனால் முதல் பீப்பாய்க்கே வேண்டாம்.

நண்பர் சொன்ன கிரீம் குப்பி வேண்டவே வேண்டாம். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், அளவும் 8 கிராம்தான், ஆனால் உள்ளே இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு. பீர் இனிப்புத் தட்டும். தவிர, 2023 நவம்பர் 8 முதல் அது பிரிட்டனில் சி பிரிவு போதைப்பொருள். சமையலுக்கு வைத்திருப்பது குற்றமல்ல என்றாலும், பீர் பீப்பாய்க்கு என்று பெட்டி பெட்டியாக வாங்கி யாருக்கு விளக்கம் சொல்லப் போகிறீர்கள்? ஏர்கன் (காற்றுத் துப்பாக்கி) குப்பியும் கூடாது, சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும். பெட்டியில் கார்பன் டை ஆக்சைடு, உணவுத்தரம் என்ற இரண்டும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒரே ஒரு நிலையில் கேஸே வேண்டாம். வீட்டில் விருந்து, முப்பது பேர் வருகிறார்கள், மாலைக்குள் பீப்பாய் காலியாகிவிடும் என்றால் மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டு அப்படியே பிடித்து ஊற்றுங்கள். பழைய மரப்பீப்பாய்களில் அப்படித்தான் குடித்தார்கள், சுவை இன்னும் மென்மையாக இருக்கும். ஆனால் உண்மையாகவே அன்றைக்கே காலியாக வேண்டும். வருகிறேன் என்றவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள், வந்தவர்களில் பாதிப் பேர் கார் ஓட்டி வந்திருப்பார்கள். இரவு பத்து மணிக்குப் பத்து பைண்ட் மிச்சம் என்றால், மூடியை இறுக்கி ஒரு குப்பி போட்டாலும் உள்ளே போன காற்று போனதுதான். குளிர்காலம் என்றால் மறுநாள் மதியம் வரை தாங்கும், கோடையில் அதுவும் இல்லை. தலைகளைச் சரியாக எண்ணிவிட்டு இதைச் செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் மூடியைத் தொடாமல் குப்பியையே போடுங்கள்.

உங்கள் பீப்பாய்க்குள் ஏற்கெனவே காற்று போயிருக்கிறது. குப்பி போட்டால் அது வெளியேறிவிடும் என்று சிலர் சொல்வார்கள், அப்படி ஆகாது, கேஸோடு கலந்து உள்ளேயேதான் இருக்கும். எனவே மிச்சமுள்ள இருபத்தைந்து பைண்டைப் பத்து நாளுக்குள் முடித்துவிடுங்கள். இன்று ஒரு கிளாஸ் பிடித்து முகர்ந்து பாருங்கள். ஈர அட்டைப்பெட்டி வாசனை என்றால் மழுங்கத் தொடங்கிவிட்டது, ஆனால் குடிக்கலாம். காடி வாசனை மூக்கில் ஏறினால் குப்பியை வீணாக்காமல் கொட்டிவிடுங்கள். அடுத்த முறை ஊற்றும்முன் குழாயைத் தனியாகக் கழற்றி உள்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள், அந்தக் காடிக் கிருமி அங்கேதான் ஒளிந்திருக்கும்.