வீட்டை ஈடு வைத்தால் மகள் எம்.பி. ஆகிவிடுவாளா?

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நீண்டகாலமாக லண்டனின் ஹாரோவில் இருக்கிறோம். நான் முதியோர் இல்லமொன்றில் கேரர். இவருக்கு சூப்பர் மார்க்கெட்டில் இரவு வேலை. மகளுக்குப் பத்து வயது. செய்தி போனால் டிவியை விட்டு எழும்பமாட்டாள். எம்.பி. ஆகவேண்டும், முடிந்தால் பிரதமர் என்கிறாள். பரீட்சை வைத்துச் சேர்க்கும் இலவச அரசுப் பள்ளியான கிராமர் ஸ்கூலுக்கு மதிப்பெண் போதவில்லை. தனியார் பள்ளியொன்று இடம் தந்திருக்கிறது. வருடத்துக்கு 28,000 பவுண்ட். கெட்டிக்காரி என்று கால்வாசி குறைத்திருக்கிறார்கள். "இந்த நாட்டில் அரசியலுக்குப் போகிற எல்லாரும் பிரைவேட்டில் படித்தவர்கள்தான். பிரதமராக இருந்த ரிஷி சுனக்கின் அப்பா அம்மாவும் கஷ்டப்பட்டுத்தானே படிப்பித்தார்கள்" என்கிறார் அண்ணா. வீட்டின் மேல் இன்னும் கடன் எடுக்க இவரும் சம்மதித்துவிட்டார். எனக்குத்தான் மனம் வரவில்லை. பக்கத்து அரசுப் பள்ளியும் நல்லது என்றே சொல்கிறார்கள். மார்ச் தொடக்கத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். என்ன செய்ய?
— ஒரு தாய், ஹாரோ

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் அண்ணா சொல்வதில் பாதி உண்மை. இங்கிலாந்தில் நூறு பிள்ளைகளில் ஏழு பேரளவில்தான் கட்டணப் பள்ளியில் படிக்கிறார்கள். ஆனால் 2024 தேர்தலில் வென்ற எம்.பி.க்களில் நூற்றுக்கு 23 பேர் அப்படிப் படித்தவர்கள் என்று சட்டன் டிரஸ்ட் அமைப்பு கணக்கெடுத்தது. கன்சர்வேட்டிவ் கட்சியை மட்டும் எடுத்தால் 46 பேர், தொழிற்கட்சியில் 15. 2019இல் போரிஸ் ஜான்சன் அமைத்த முதல் அமைச்சரவையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட. ஈட்டன் என்ற ஒரே பள்ளி இந்த நாட்டுக்கு 20 பிரதமர்களைக் கொடுத்திருக்கிறது. 1440இல் ஆறாம் ஹென்றி மன்னர் எழுபது ஏழைப் பையன்களை இலவசமாகப் படிப்பிக்கத் தொடங்கிய பள்ளி அது. இன்று அங்கே ஒரு வருடக் கட்டணம் 60,000 பவுண்டைத் தாண்டிவிட்டது.

மற்றப் பாதியையும் அண்ணாவிடம் சொல்லுங்கள். 1964 முதல் 1997 வரை இந்த நாட்டை ஆண்ட ஐந்து பிரதமர்களும் கிராமர் ஸ்கூலில் படித்தவர்கள். அவர்களில் ஜான் மேஜர் 16 வயதில் படிப்பை விட்டவர், பல்கலைக்கழக வாசலையே மிதிக்கவில்லை. பஸ் டிரைவர் மகனான சாதிக் கான் தென் லண்டனின் டூட்டிங்கில் சாதாரண அரசுப் பள்ளியில் படித்து, 1994இல் வாண்ட்ஸ்வொர்த் கவுன்சிலராகி, 2016இல் லண்டன் மேயரானார். ஆஞ்சலா ரெய்னர் 16 வயதில் வயிற்றில் பிள்ளையோடு பள்ளியை விட்டவர். உங்களைப் போலவே கேரராக வேலை செய்து, தொழிற்சங்கத்தின் வழியாக மேலே வந்து, 2024இல் துணைப் பிரதமரானார். அடுத்த வருடமே வீட்டு வரி விவகாரத்தில் பதவி போனது வேறு கதை.

சுனக் விஷயத்துக்கு வருவோம், எங்கள் ஆட்களின் வீடுகளில் அடிக்கடி இழுக்கப்படும் பெயர் அது. அவருடைய தந்தை டாக்டர், தாய் சவுத்தாம்ப்டனில் சொந்தமாக மருந்துக்கடை நடத்தியவர். அவர்கள் கஷ்டப்பட்டுக் கட்டணம் கட்டியிருக்கலாம். ஆனால் ஒரு டாக்டரும் ஒரு மருந்துக்கடைக்காரரும் படும் கஷ்டமும், ஒரு கேரரும் இரவு வேலைக்காரரும் படும் கஷ்டமும் ஒன்றல்ல. இன்னொன்று, அவர் போனது வின்செஸ்டருக்கு. 1382இல் தொடங்கியது, ஈட்டனுக்கு ஈடான பெயர்.

கட்டணப் பள்ளி என்றால் எல்லாம் ஒன்று என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். 2016இல் ஈட்டன் மாணவர்கள் சிலர் மாஸ்கோ போய் புட்டினையே சந்தித்துவிட்டு வந்தார்கள். ஸ்கூல் பையன்கள்! அந்தப் பள்ளிக்குப் பேச வரும் அரசியல்வாதிகளை அழைப்பதே மாணவர்கள் நடத்தும் சங்கம்தான். முன்னாள் அமைச்சர் ஒருவர் வந்து பேசி முடிக்கிறார் என்று வையுங்கள். பதினான்கு வயதுப் பையன் எழுந்து, அவர் கண்ணைப் பார்த்து, "நீங்கள் போன வருடம் வேறு மாதிரிச் சொன்னீர்களே" என்கிறான். அவர் மழுப்பினால் விடாமல் மறுபடி கேட்கிறான். பிறகு நன்றியுரையும் அவனே. அந்தப் பையன் உங்கள் மகளைவிடப் புத்திசாலி என்றில்லை. பெரிய மனிதர்களோடு பேசிப் பேசிப் பயம் தெளிந்துவிட்டது, அவ்வளவுதான். பரீட்சை முடிவைவிட இதற்குத்தான் அந்தப் பெற்றோர் காசு கட்டுகிறார்கள். அதோடு, பிற்காலத்தில் ஃபோன் எடுத்துப் பேசக்கூடிய வகுப்புத் தோழர்கள்.

உங்கள் மகளுக்கு இடம் தந்திருக்கும் பள்ளியில் இது கிடைக்குமா? வகுப்பில் பிள்ளைகள் குறைவாக இருப்பார்கள், நாடகம், விளையாட்டு, விவாத மேடை என்று கூடுதலாக இருக்கும். அதெல்லாம் நல்லதுதான். ஆனால் பிரதமர்களை உண்டாக்கும் அந்த ஏழெட்டுப் பள்ளிகளின் வலைப்பின்னல் வடமேற்கு லண்டனில் உள்ள ஒவ்வொரு கட்டணப் பள்ளியிலும் இருக்கும் என்று நம்பிக் கடன் எடுக்காதீர்கள்.

கணக்குப் பாருங்கள். கால்வாசி குறைந்தால் வருடத்துக்கு 21,000. ஏழாம் வகுப்பிலிருந்து பதின்மூன்றாம் வகுப்புவரை ஏழு வருடம், 147,000 பவுண்ட். கட்டணம் ஏறாவிட்டால்தான் இந்தத் தொகை. அது ஏறாமல் இருந்ததில்லை. 2025 ஜனவரியிலிருந்து கட்டணத்தின் மேல் 20 சதவீத வாட் வரி வேறு வந்துவிட்டது. பள்ளி பஸ், யூனிஃபார்ம், சுற்றுலா எல்லாம் தனி. மேலே வட்டி.

நான் வேண்டாம் என்று சொல்வதற்குத் தொகை மட்டும் காரணமல்ல. அரசியலுக்குப் போக நினைக்கும் பிள்ளைக்குக் காசு மிக அதிகமாகத் தேவைப்படுவது பதினொரு வயதில் அல்ல, இருபத்திரண்டு வயதில். எம்.பி. அலுவலகம், கட்சித் தலைமையகம், ஆய்வு நிறுவனம், இவைதான் பலருக்கு முதல் படி. அங்கே தொடக்கச் சம்பளம் குறைவு, வேலை பெரும்பாலும் லண்டனில். வட இங்கிலாந்தின் சண்டர்லாந்திலிருந்து வரும் ஒரு பிள்ளை ஓர் அறைக்கே மாதம் ஆயிரம் பவுண்ட் தேட வேண்டும். பலர் அந்த இடத்திலேயே கழன்றுவிடுகிறார்கள். பிறகு வேட்பாளராவதற்கு மாலை நேரமும் சனி ஞாயிறும் கதவு தட்ட வேண்டும், வேலைக்கு லீவு போட வேண்டும், தோற்றால் மறுபடி தொடங்க வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளைகள் இதற்குத் துணிவதற்குக் காரணம் தன்னம்பிக்கை மட்டுமில்லை. தோற்றாலும் சோறு இருக்கிறது.

உங்கள் மகளுக்கு ஹாரோவில் ஓர் அறை இருக்கிறது. பாராளுமன்றம் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ரயில் தூரம்தான். அந்த வீட்டைக் கடனில் மூழ்கடித்துவிட்டால், படித்து முடித்ததும் அவள் அம்மா அப்பாவின் கடனை அடைக்கச் சம்பளம் கூடிய வேலை தேடிப் போவாள். எங்கள் பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியும், அப்படித்தான் போவாள். அரசியல் அங்கேயே முடிந்துவிடும்.

உங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. உமா குமரன் 2015இல் ஹாரோ கிழக்கில் தொழிற்கட்சி வேட்பாளராக நின்று தோற்றார். இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த பெற்றோரின் மகள், லண்டன் குயின் மேரியில் படித்தவர். ஒன்பது வருடம் கழித்து, 2024 ஜூலையில், ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் வென்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் போன முதல் தமிழ்ப் பெண் ஆனார். ஒரு தோல்விக்குப் பிறகு ஒன்பது வருடம் களத்திலேயே நிற்பது லேசான காரியமில்லை. எந்தக் கட்சி என்பது உங்கள் மகள் பாடு, கன்சர்வேட்டிவில் பத்திரிகைக் கடைக்காரரின் மகளான பிரீதி பட்டேல் உள்துறை அமைச்சர் வரை போனார்.

அப்படியென்றால் அந்தப் பயம் தெளிதலை எங்கே வாங்குவது? கொஞ்சம் வீட்டில்தான். பள்ளி அறிக்கையில் "அமைதியான பிள்ளை" என்று எழுதி வந்தால் நாங்கள் பூரித்துப்போகிறோம், இல்லையா? தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு யாரோ எழுதித் தந்ததைப் பாடமாக்கி ஒப்புவிக்க வைக்கிறோம். குரல் திறக்க அது உதவும். ஆனால் யாரும் குறுக்கே கேள்வி கேட்காத மேடை அது. சாப்பாட்டு மேசையில் அவள் உங்கள் கருத்தை மறுத்துப் பேசினால் "வாய் காட்டாதே" என்று அடக்காமல் காரணம் கேளுங்கள். உங்கள் கணவருக்கும் சொல்லிவையுங்கள்.

அரசுப் பள்ளியில் சேர்ந்ததும் மாணவர் மன்றத்தில் நிற்கச் சொல்லுங்கள். விவாதச் சங்கம் இல்லாவிட்டால் ஆசிரியரிடம் கேட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். யூகே இளைஞர் பாராளுமன்றத்துக்கு 11 வயதிலிருந்து போட்டியிடலாம். 14 வயதில் தொழிற்கட்சி உறுப்பினராகலாம், 18 வயதில் கவுன்சிலுக்கே நிற்கலாம். 16 வயதில் பள்ளி மாறும் வாய்ப்பை மறந்துவிடாதீர்கள். பாராளுமன்றத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹாரிஸ் வெஸ்ட்மின்ஸ்டர் அரசுப் பள்ளிதான், கட்டணமில்லை. உள்ளே போவது கடினம், ஆனால் வெம்பிளி பார்க்கில் ஜூபிலி ரயில் பாதைக்கு மாறினால் தினமும் போய்வரலாம். ஈஸ்ட்ஹாமில் உள்ள பிராம்டன் மேனர் என்ற அரசுப் பள்ளிக்கு 2021இல் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் சேர்த்து 55 இடம் தர முன்வந்தன. ஈட்டனுக்கு அந்த வருடம் 48.

கடனாக எடுக்கவிருந்த தொகையில் ஒரு சிறு பங்கைக்கூட மாதாமாதம் சேமிக்க முடிந்தால், அவளுடைய இருபத்திரண்டாவது வயதுக்கென்று வையுங்கள். இந்தத் தவணை நடு விடுமுறையில் (ஹாஃப் டேர்ம்) உங்கள் தொகுதி எம்.பி. மக்களைச் சந்திக்கும் நேரத்தை அறிந்து அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏதாவது ஒரு உண்மையான பிரச்சினையோடு போகவேண்டும், படம் எடுக்க மட்டும் போகாதீர்கள். தெரு விளக்கோ பஸ் தாமதமோ எதுவானாலும் சரி, அவளே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். புதன்கிழமைப் பிரதமர் கேள்வி நேரத்துக்கு எம்.பி.யிடம் எழுதிக் கேட்டால் இலவச டிக்கெட் கிடைக்கும், காத்திருக்க வேண்டிவரும்.

கடைசியாக ஒன்று, இதை இந்த வாரமே செய்யுங்கள். அவர்கள் தந்தது கெட்டிக்காரத்தனத்துக்கான ஸ்காலர்ஷிப். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு பர்சரி என்று தனியாக ஒன்று இருக்கும்; சில பள்ளிகளில் அது முழுக் கட்டணத்தையும் ஏற்கும். உங்கள் இருவரின் சம்பளச் சீட்டையும் வைத்து, அதற்கு விண்ணப்பிக்கலாமா என்று பள்ளிக்கு மின்னஞ்சல் போடுங்கள். முழுதாக, அல்லது அதற்குக் கிட்ட, பதின்மூன்றாம் வகுப்புவரை தருவதாக எழுத்தில் சொன்னால் யோசிக்காமல் அனுப்புங்கள். இல்லையென்றால் நன்றி சொல்லி இடத்தை விட்டுவிடுங்கள். மார்ச் 1 அன்று, அது விடுமுறை நாளானால் அடுத்த வேலை நாளில், அரசுப் பள்ளி முடிவு வந்துவிடும்.