வகுப்புக் குழுவில் தொலையும் வீட்டுப்பாடம்

அன்புள்ள ஐயா,

நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். எங்கள் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. வீட்டுப்பாடம், தேர்வு அட்டவணை, சந்தேகம், பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் அதில்தான். அப்பாவின் போனில் பார்க்கிறேன். அவர் வேலை முடிந்து வர இரவு எட்டு மணி ஆகும். வகுப்பில் எழுந்து கேட்க எனக்குக் கூச்சம், குழுவில் கேட்பது எளிது. அதனால் இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நான் அனுப்பும் பக்கங்கள் தெளிவாக இல்லை என்கிறார் உயிரியல் மிஸ். கணக்கு சார் கூகுள் கிளாஸ்ரூம் ஆரம்பித்திருக்கிறார். நான் அனுப்பியது வரவே இல்லை என்கிறார். சந்தேகம் கேட்டால் பல நேரம் பதிலே இல்லை. தமிழ் ஐயா அனுப்பும் கோப்பு ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. தவறு என்னிடமா, போனிலா?

— ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

அறிவிப்பு, ஒப்படைப்பு, சந்தேகம் மூன்றையும் ஒரே குழுவில் போட்டதுதான் கோளாறு. வாட்ஸ்அப் அறிவிப்புக்கு மிக நல்லது. எழுதிய பாடத்தை ஒப்படைக்க அது ஏற்ற இடமில்லை.

கேலரியிலிருந்து படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கித்தான் அனுப்பும். குடும்பப் படத்துக்கு அது போதும். பென்சிலால் வரைந்த நெஃப்ரான் (சிறுநீரகத்தின் நுண்குழல்) படத்தில் பாகம் குறித்த மெல்லிய கோடுகள் கரைந்துபோகும். வேதியியல் வாய்பாட்டில் அடியில் எழுதிய சின்ன எண் 2 ஆ 3 ஆ என்று தெரியாது. எனவே கூகுள் டிரைவில் உள்ள 'ஸ்கேன்' வசதியால் பக்கங்களை வரிசையாக எடுத்து ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். எட்டு மணிக்கு மேல்தான் போன் கிடைக்கிறது என்பதால் பகல் வெளிச்சம் உங்களுக்கு இல்லை. டியூப்லைட் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழலும் போனின் நிழலும் தாளில் விழும். விளக்கு பக்கவாட்டில் இருக்கும்படி உட்காருங்கள். நோட்டின் நடுத்தையல் பக்கம் தாள் வளைந்து எழுத்து மங்கும், எதிர்ப்பக்கத்தின் மேல் கனமான புத்தகம் ஒன்றை வையுங்கள். கோப்புக்கு உங்கள் வரிசை எண், பாடம், அலகு என்று பெயர் கொடுங்கள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்பியாக வேண்டும் என்றால் கிளிப் குறியைத் தொட்டு 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள். அப்போது சுருங்காது.

கிளாஸ்ரூமில் பாடம் போய்ச் சேராததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கோப்பை இணைத்தவுடன் வேலை முடிந்ததுபோல் தோன்றும். 'டர்ன் இன்' அழுத்தி, அது திரும்பக் கேட்கும்போதும் உறுதி செய்தால்தான் போகும். 'டர்ன்ட் இன்' என்று மாறியதைப் பார்த்த பிறகே மூடுங்கள். இன்னொன்று, அப்பாவின் போனில் டிரைவ் அப்பாவின் கூகுள் கணக்கில் திறந்திருக்கும். அதில் சேமித்த கோப்பின் இணைப்பை கிளாஸ்ரூமில் ஒட்டினால், சார் திறக்கும்போது அனுமதி கேட்கும் பக்கம்தான் வரும். ஸ்கேன் செய்யும் முன்பே மேல் மூலையிலுள்ள வட்டப் படத்தைத் தொட்டு உங்கள் கணக்குக்கு மாறிக்கொள்ளுங்கள்.

சந்தேகம் கேட்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு எழுத்தில் கேட்கும் வாய்ப்பு பெரிய வரம், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் 'சார், இரண்டாவது பாடம் புரியல' என்று கேட்டால் பாடம் முழுவதையும் மறுபடி நடத்தத்தான் வேண்டும். அது போனில் முடியாது, அதனால் ஆசிரியர் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுவார். எந்தப் பக்கம், எந்தக் கணக்கு, எந்த வரி வரை வந்தீர்கள், எங்கே நின்றீர்கள் என்று எழுதுங்கள். 'சாய்தளத்தில் பொருளைக் கீழே இழுக்கும் விசை எம்ஜி சைன் தீட்டா என்று இருக்கிறது. காஸ் ஏன் வரவில்லை? என் படத்தில் கோணத்தை எங்கே குறித்திருக்கிறேன் என்று பாருங்கள்' என்று கேட்டு, அந்தப் படத்தை மட்டும் வெட்டி இணைத்தால் இரண்டே வரியில் பதில் வந்துவிடும். பாதி நேரம் கேள்வியை இப்படி எழுதும்போதே உங்களுக்கு விடை பிடிபட்டுவிடும். நீங்களாகப் போட்டுப் பார்த்தது தவறாக இருந்தாலும் அதையும் அனுப்புங்கள். எங்கே சறுக்கியது என்று ஆசிரியருக்கு அதில்தான் தெரியும்.

குழுவில் எல்லாருக்கும் அப்பாவின் எண் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். கிளாஸ்ரூமில் ஒவ்வொரு பாடத்தின் கீழும் 'பிரைவேட் கமென்ட்' இருக்கிறது. அங்கே கேட்டால் ஆசிரியர் மட்டுமே பார்ப்பார், எண்ணும் வெளியே போகாது. எல்லார் முன்னாலும் கேட்கத் தயக்கமான கேள்விகளை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

குழுவின் வீடியோக்களால் அப்பாவின் டேட்டா தீருகிறதென்றால், வாட்ஸ்அப் அமைப்புகளில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதிக்குப் போய்த் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். தேர்வு அட்டவணையை யாராவது 'பின்' வசதியால் குழுவின் மேலே நிறுத்தி வைத்தால் வாழ்த்துகளுக்கு அடியில் புதையாது. அதிகபட்சம் 30 நாள் நிற்கும்.

தமிழ் ஐயாவின் கோப்பு பழுதாகவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது, உங்கள் போனில் அந்த எழுத்துரு இல்லை. 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தெரிந்தால் அது பாமினிதான். பிடிஎஃப் ஆக அனுப்பும்படி ஐயாவிடம் கேளுங்கள். எழுத்துருவும் கோப்போடு சேர்ந்தே வரும். ஏற்கெனவே வந்தவற்றில் எழுத்தை நகலெடுத்து, பாமினியை யூனிகோடாக (எல்லாப் போனிலும் தெரியும் பொது எழுத்துமுறையாக) மாற்றும் இலவசத் தளம் ஒன்றில் ஒட்டுங்கள். மாறி வந்ததை ஒருமுறை பாடநூலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். செய்யுள் பகுதியில் ஒரு புள்ளி விடுபட்டாலும் அப்படியே மனப்பாடம் ஆகிவிடும்.