டோன் கையிலா, கருவியிலா? குறை இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

கேள்வி: இரண்டு வருடமாக எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகைக் கிட்டார், மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் ஒற்றைச் சுருள்), 15 வாட் பயிற்சி ஆம்ப். பிரிட்ஜை (உடல் பக்கம் ஸ்ட்ரிங்குகள் தாங்கி நிற்கும் பாகம்) ஒட்டிய பிரிட்ஜ் பிக்கப்பில் ஒலி மெலிந்து கீச்சென்று வருகிறது. டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) போட்டால் ஒரே இரைச்சல். பிக்கப்பை மாற்றலாமா? நண்பர்களோ “டோன் (ஒலியின் தன்மை) எல்லாம் விரலில்தான்” என்கிறார்கள்.

பதில்: பிக்கப்புக்கு இப்போதைக்குச் செலவு செய்யாதீர்கள். நண்பர்கள் சொல்வதும் பாதிதான் சரி. ஒரு ஸ்வரம் எப்படித் தொடங்குகிறது, சுருதியில் நிற்கிறதா, எவ்வளவு நேரம் நீள்கிறது, எங்கே அறுகிறது என்பதெல்லாம் கையின் வேலை. அதில் எந்த அதிர்வெண்கள் தூக்கலாகக் கேட்கும், எவை அடங்கும் என்பதைப் பெரும்பாலும் கருவி முடிவு செய்கிறது. ஆகவே கையின் குறை ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும். கருவியின் குறை எல்லா ஸ்வரத்திலும் ஒரே மாதிரி இருக்கும்.

இதைச் சோதிப்பது எளிது. கெயினை (ஆம்பில் டிஸ்டார்ஷன் அளவைக் கூட்டும் நாப்) குறைத்து, கரகரப்பில்லாத கிளீன் ஒலியில் வையுங்கள். மூன்றாவது ஸ்ட்ரிங்கின் 7-ஆம் ஃப்ரெட்டை மட்டும் சீரான வேகத்தில் இருபது முறை வாசித்து, ஆம்புக்கு நேர் எதிரே ஒரு மீட்டர் தள்ளி வைத்த செல்போனில் பதிவு செய்யுங்கள். சில அடி உருண்டையாகவும் சில அடி கூர்மையாகவும் கேட்டால் கையைக் கவனியுங்கள். இருபதும் ஒரே மாதிரி கீச்சிட்டால் கருவியைப் பாருங்கள், ஆனால் பிக் (ஸ்ட்ரிங்கை மீட்டும் சிறு தகடு) படும் இடத்தை மாற்றி ஒருமுறை வாசித்துப் பார்த்த பிறகு.

அந்த இடம்தான் கையில் இருக்கும் மிகப் பெரிய டோன் கட்டுப்பாடு. பிரிட்ஜுக்கு அருகே அடித்தால் மேல் ஹார்மானிக்ஸ் (ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர் அதிர்வுகள்) தூக்கலாகி, அடிப்படை ஸ்வரம் மெலியும். பிரிட்ஜ் பிக்கப்பும் சேடிலிலிருந்து (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் அமரும் துண்டு) சுமார் 4 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது, ஸ்ட்ரிங் அங்கே அதிகம் ஆடுவதில்லை. கையும் அங்கே, பிக்கப்பும் அங்கே என்றால் மெலிவு இரட்டிப்பாகிறது. பிரிட்ஜ் பிக்கப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கையை மட்டும் நடுப் பிக்கப்புக்கு மேலே நகர்த்தி வாசியுங்கள். வித்தியாசம் முதல் அடியிலேயே கேட்கும்.

அடுத்தது பிக். 0.5 மி.மீ. பிக் வளைந்து திரும்பும்போது ‘டிக்’ என்ற சத்தம் ஸ்வரத்துக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். 1 மி.மீ. பிக்கை, நுனி 3 அல்லது 4 மி.மீ. மட்டும் வெளியே தெரியும்படி பிடியுங்கள். லேசான சாய்வு நல்லது. அதிகம் சாய்த்தால் சுற்றுக் கம்பி உள்ள தடித்த ஸ்ட்ரிங்குகளில் உரசல் கேட்கும்.

டிஸ்டார்ஷனில் நீங்கள் சொல்லும் இரைச்சலுக்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டையும் குழப்பக் கூடாது. எதையும் வாசிக்காமல் ஸ்ட்ரிங்குகளை உள்ளங்கையால் மூடியபோதும் ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம் வருகிறதா? கிட்டாரோடு மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். திசைக்கேற்ப அது கூடிக் குறைந்தால், சிங்கிள் காயில் சுற்றிலுமுள்ள மின்சாதனங்களின் ரீங்காரத்தைப் பிடிக்கிறது. எந்த விரலாலும் இதைத் தீர்க்க முடியாது. வாசிக்கும்போது மட்டும் வருகிறது என்றால் அது அடக்காமல் விட்ட ஸ்ட்ரிங்குகள். டிஸ்டார்ஷன் சின்ன சத்தத்தையும் பெரிய சத்தத்துக்கு இணையாகத் தூக்கிவிடும். மூன்றாவது ஸ்ட்ரிங்கை ஆள்காட்டி விரலால் அழுத்தும்போது அதே விரலின் நுனி நான்காவதைத் தொட வேண்டும், அடிப்பக்கம் இரண்டாவது, முதலாவது மேல் லேசாகப் படிய வேண்டும். வலது உள்ளங்கை ஓரம் ஆறு, ஐந்தை அடக்க வேண்டும். விரலை ஃப்ரெட் கம்பியை ஒட்டிப் பின்னால் வையுங்கள், அளவுக்கு மீறி அழுத்தாதீர்கள். அழுத்தம் கூடினால் சுருதி ஏறும், டிஸ்டார்ஷனில் கார்டு (சேர்த்து வாசிக்கும் பல ஸ்வரங்கள்) கரகரக்கும். கெயினை மூன்றில் ஒரு பங்கு குறைத்தே பழகுங்கள்.

இனி கருவி. முதலில் ஆம்பின் இடம். தரையில் இருக்கும் ஆம்பின் ட்ரெபிள், ஸ்பீக்கருக்கு நேர் எதிரே குறுகிய கற்றையாகப் போகும். பக்கத்தில் நிற்பவருக்கு மந்தமாகக் கேட்பதால் ட்ரெபிளைக் கூட்டிவிடுவார், எதிரே இருப்பவருக்குக் காது கூசும். ஆம்பைக் காது உயரத்துக்குத் தூக்கி, நேர் எதிரே நின்று அமையுங்கள். ட்ரெபிள் 4, மிட் 6, பாஸ் 5-இல் தொடங்கலாம்.

பிறகு டோன் நாப். பழைய முறை ஸ்ட்ராட் வயரிங்கில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் கன்ட்ரோலே கிடையாது. இரண்டு நாபும் நெக், நடுப் பிக்கப்புகளுக்கு மட்டும். ஸ்விட்சைப் பிரிட்ஜில் வைத்து இரண்டையும் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். ஒலி மாறவில்லை என்றால் உங்கள் கீச்சுக்குப் பெரும் காரணம் இதுவே. ஸ்விட்சின் டோன் பக்கத்தில் நடுப் பிக்கப் முனையையும் பிரிட்ஜ் முனையையும் ஒரு சிறு வயரால் இணைத்து சால்டர் செய்தால் போதும், நடுப் பிக்கப்புக்கான டோன் நாப் இரண்டுக்கும் வேலை செய்யும். அதை 6 அல்லது 7-இல் வையுங்கள்.

பிக்கப் உயரத்தை, கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு அளக்க வேண்டும்: ஆறாவது ஸ்ட்ரிங் பக்கம் 2.4 மி.மீ., முதல் ஸ்ட்ரிங் பக்கம் 2 மி.மீ. இடைவெளி. இன்னும் கூர்மை என்றால் முதல் ஸ்ட்ரிங் பக்கத்தை அரை மி.மீ. இறக்குங்கள். மிக அருகே கொண்டுபோனால் காந்தம் ஸ்ட்ரிங்கை இழுத்து, தடித்த ஸ்ட்ரிங்கின் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி நடுங்கும்.

கேபிளுக்கும் பங்குண்டு. சாதாரண கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைத் தேக்கும் திறன்) இருக்கும். 2.5 ஹென்றி இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல் அளவு) உள்ள சிங்கிள் காயிலோடு 3 மீட்டர் கேபிள் சேர்ந்தால் ஒலி மிகத் தூக்கலாகும் அதிர்வெண் சுமார் 5 கிலோஹெர்ட்ஸில் அமையும், 6 மீட்டரில் 4-க்குக் கீழே இறங்கும். கீச்சு அதிகமென்றால் நீளமான கேபிள் உதவும். ஆனால் வழியில் பஃபர் (சிக்னலைக் கேபிளின் பாதிப்பிலிருந்து காக்கும் சிறு சுற்று) உள்ள பெடல் இருந்தால், கிட்டாரிலிருந்து அந்தப் பெடல் வரையிலான நீளம் மட்டுமே கணக்கு.

இவ்வளவுக்குப் பிறகும் ஒலி மெலிவாகவே இருந்தால் செலவு ஆம்பிலும் ஸ்பீக்கரிலும்தான் தொடங்க வேண்டும். சிறு பெட்டிக்குள் இருக்கும் 8 அங்குல ஸ்பீக்கரால் ஆழமான பாஸைத் தர முடியாது. எந்தப் பிக்கப்பும் அதை ஈடுசெய்யாது. பிக்கப் மாற்றுவதற்கு உண்மையான காரணம் அந்த ரீங்காரம் மட்டுமே. அதற்குச் சிங்கிள் காயில் அளவிலேயே வரும் ஹம்பக்கரை (ரீங்காரத்தை நீக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) பிரிட்ஜில் பொருத்தலாம். அப்போது 250 கிலோஓம் வால்யூம் பாட்டை (வால்யூம் நாபுக்கு அடியிலுள்ள மாறு மின்தடை) மாற்ற வேண்டாம். 500 போட்டால் மற்ற இரண்டு சிங்கிள் காயில்களும் முன்னைவிடக் கூர்மையாகிவிடும்.