ஜூலை 4-ஆ, 14-ஆ?

கேள்வி: பிளஸ் டூ வரலாறு. பிரெஞ்சுப் புரட்சி, உலகப் போர்கள் என்று அறுபது தேதிகளை நோட்டில் எழுதிவைத்து தினமும் படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிகிறது. தேர்வில் மட்டும் பாரிஸின் பாஸ்டில் சிறைக்கோட்டை வீழ்ந்தது ஜூலை 4-ஆ, 14-ஆ என்று கை நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: வரிசையாகப் படித்ததுதான் கோளாறு. நோட்டில் ஒரு வரி அடுத்த வரியை எடுத்துக் கொடுத்துவிடும். வினாத்தாள் நடுவிலிருந்து உருவிக் கேட்கும்போது அந்தத் துணை இருக்காது.

முதலில் நாலு ஆணி அடியுங்கள்: 1789 (பிரெஞ்சுப் புரட்சி), 1815 (நெப்போலியன் வீழ்ச்சி), 1914 (முதல் உலகப் போர் தொடக்கம்), 1945 (இரண்டாம் உலகப் போர் முடிவு). தூக்கத்தில் கேட்டாலும் இவை வரவேண்டும். மற்றதையெல்லாம் காரணத்தோடு இவற்றில் மாட்டுங்கள். 1789-ல் கஜானா காலி. வழி தேடி மன்னர் மே 5-ல் எஸ்டேட்ஸ் ஜெனரலை, அதாவது குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று பிரிவினரின் சபையைக் கூட்டுகிறார். ஓட்டு எண்ணும் முறையில் தகராறு முற்றி, பொதுமக்கள் பிரதிநிதிகளின் கூடத்துக்குப் பூட்டு விழ, ஜூன் 20-ல் டென்னிஸ் மைதான உறுதிமொழி: அரசியலமைப்பு வரும்வரை கலையமாட்டோம் என்று. பாரிஸைச் சுற்றிப் படை குவிகிறது. ஜூலை 14-ல் மக்கள் வெடிமருந்து தேடி பாஸ்டிலுக்குப் போகிறார்கள். ஆகஸ்ட் 26-ல் மனித உரிமைப் பிரகடனம். மாதத்துக்கு ஒன்று, அவ்வளவுதான்.

ஜூலை 4 அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம், 1776. முந்திய புரட்சிக்குச் சின்ன எண், பிந்தியதற்குப் பெரிய எண். இப்படிக் குழப்பும் ஜோடிகளை ஒரே சீட்டில் அருகருகே எழுதுங்கள். முதல் உலகப் போரைக் கிளப்பிய சரயேவோ கொலை (ஆஸ்திரிய இளவரசர்) 1914 ஜூன் 28. அந்தப் போருக்குப் பின் ஜெர்மனியோடு செய்த வெர்சாய் உடன்படிக்கை 1919 ஜூன் 28. ஒரே தேதி என்பதால் இது குழப்பாது, உதவும்.

மற்றவற்றுக்கு ஒரு பக்கம் நிகழ்வு, மறுபக்கம் ஆண்டு. நாளுக்குப் பத்துப் புதுச் சீட்டு போதும். கலைத்துப் போட்டு, வாய்விட்டுப் பதில் சொன்ன பிறகே திருப்புங்கள். 'தெரியும்' என்று மனதுக்குள் தலையாட்டித் திருப்பினால் பழைய கதைதான். மறுநாள், மூன்றாம், ஏழாம், பதினைந்தாம் நாள் அதே சீட்டுகள். தப்பியது மட்டும் மறுநாள் கட்டுக்குத் திரும்பும். ஆண்டைப் பார்த்து நிகழ்வைச் சொல்லவும் பழகுங்கள்.

கேள்வி: ரஷ்யாவின் அக்டோபர் புரட்சிக்கு நவம்பர் 7 என்று போட்டிருக்கிறதே, அச்சுப்பிழையா?

பதில்: இல்லை. 1917-ல் ரஷ்யா ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. நம்முடையதைவிட 13 நாள் பின்தங்கியது. அங்கே அக்டோபர் 25, இங்கே நவம்பர் 7. பிப்ரவரிப் புரட்சியும் அப்படித்தான்: பிப்ரவரி 23-உடன் 13-ஐக் கூட்டினால் மார்ச் 8, மகளிர் தினம். விடைத்தாளில் இரண்டு தேதியையும் எழுதிவிடுங்கள்.